பெங்களூரில் கழுவப்பட்ட முதல் தமிழ்ப் படம்

லிங்கராஜபுரத்துக்குத் தெற்கே, பெங்களூர் கிழக்கு நிலையத்தைத் தொட்டுக்கொண்டு சென்னைக்கு ஓடும் ரயில் பாதைக்கும் தமிழ் சினிமாவின் பிறப்புக்கும் தொடர்பு உண்டு என்றால் பலர் நம்பமாட்டார்கள். தென்னிந்தியாவில் தயாரான முதல் முழுநீளக் கதைப்படம் சென்னையில் பிடிக்கப்பட்டது. ஆனால் அந்தப் பிலிம் உருவம் பெற்றது பெங்களூரில். அதைச் செய்தவர் ஆர். நடராஜ முதலியார்.

வேலூரில் 1885ல் பிறந்தவர் அவர். நாடகக் குடும்பத்துப் பிள்ளை அல்ல, வியாபாரி. உறவினர் தர்மலிங்க முதலியாருடன் சேர்ந்து சென்னையில் சைக்கிள் வியாபாரம் தொடங்கினார். 1911ல் ரோமர் டான் கம்பெனி என்ற வெளிநாட்டு நிறுவனத்தை இருவரும் வாங்கி, அமெரிக்கக் கார்களை இறக்குமதி செய்து விற்றார்கள். அன்று ஒரு காரின் விலை ஆயிரம் ரூபாய். தொழில் நன்றாகவே நடந்தது. அப்படியே இருந்திருந்தால் செல்வந்தராக வாழ்ந்து முடித்திருப்பார். அவர் பெயர் இன்று யாருக்கும் நினைவிருக்காது.

பால்கே மூட்டிய ஆசை

பம்பாய்ப் பக்கத்தில் தாதா சாகேப் பால்கே 1913ல் 'ராஜா ஹரிச்சந்திரா'வை வெளியிட்டு, இந்தியராலும் படம் எடுக்க முடியும் என்று காட்டிவிட்டார். பால்கேயின் படங்களைப் பார்த்த முதலியாருக்கு, நம் பக்கத்திலும் இதைச் செய்தால் என்ன என்ற எண்ணம் பிடித்துக்கொண்டது. எண்ணம் சரி, யாரிடம் கற்பது? சென்னையில் சொல்லித்தர ஆளில்லை. புனேயில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய காமிராக்காரர் இருந்தார். அவரிடம் போய்ப் படம் பிடிக்கும் வித்தையைக் கற்றுவந்தார். முப்பது வயதை ஒட்டிய ஒரு கார் வியாபாரி, கடையை விட்டுவிட்டுப் பாடம் கற்கக் கிளம்பினார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

திரும்பி வந்து இந்தியா பிலிம் கம்பெனியைத் தொடங்கினார். சென்னை மில்லர்ஸ் ரோட்டில் ஒரு பங்களாவே ஸ்டூடியோ ஆயிற்று. தஞ்சைப் பக்கத்துப் பெரும் நிலக்கிழார் மூப்பனாரிடமிருந்து ஒரு காமிராவையும் பிரிண்ட் போடும் கருவியையும் 1,800 ரூபாய்க்கு வாங்கினார்.

எந்தக் கதையை எடுப்பது? நாடக மேதை பம்மல் சம்பந்த முதலியார் அவருக்கு நண்பர். பாஞ்சாலியைத் தொட நினைத்த கீசகனைப் பீமன் கொன்ற பாரதக் கதையை எடுக்கும்படி பம்மல் யோசனை சொன்னார். உறவினர் சிலர் முகம் சுளித்தனர். முதல் முயற்சியே இப்படியொரு காமாந்தகனின் கதையா என்பது அவர்கள் கவலை. பம்மல் தைரியம் சொல்ல, முதலியார் துணிந்தார். ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். இதே கதையை மராத்தியில் காடில்கர் நாடகமாக்க, கீசகன் உருவில் கர்சான் பிரபுவைத் தாக்குகிறார் என்று வெள்ளை அரசு அதை 1910ல் தடை செய்திருந்தது. சென்னைப் படத்துக்கு அந்தத் தொல்லை வரவில்லை.

வழக்கறிஞரும் சுகுண விலாச சபையின் நடிகருமான ரங்கவடிவேலு நடிகர்களுக்குப் பயிற்சி அளித்தார். ராஜு முதலியார் கீசகனாகவும், ஜீவரத்தினம் திரௌபதியாகவும் நடித்தனர். மற்றதெல்லாம் நடராஜ முதலியார்தான். தயாரித்தவர் அவர், இயக்கியவர் அவர், காமிராவின் கைப்பிடியைச் சுற்றியவர் அவர், வெட்டி ஒட்டியவரும் அவரே. மின்விளக்கு வசதி இல்லாத காலம். மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, அதன் வழியே இறங்கிய வெயிலில் படம் பிடித்தார்கள்.

சனி, ஞாயிறு பயணம்

பிடித்த பிலிமைக் கழுவ வேண்டுமே! சென்னையில் அதற்கு லாபரட்டரி இல்லை. அமைக்கலாம் என்றால் சென்னையின் வெக்கை குறுக்கே நின்றது. பிலிமின் மேலே பூசியிருப்பது ஒருவகைப் பசை. மருந்துத் தண்ணீர் சூடானால் அது இளகி, படம் கெட்டுவிடும். குளிர்சாதனம் இல்லாத நாளில் அதற்கு ஏற்ற ஊர் எது? மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கும் பெங்களூர்.

பெங்களூரில் ஒரு லாபரட்டரியை அமைத்து, நாராயணசாமி ஆச்சாரி என்பவரைப் பொறுப்பில் வைத்தார். வாரம் முழுவதும் சென்னையில் படப்பிடிப்பு. வாரக் கடைசியில் பிலிம் சுருள்களோடு பெங்களூர். இங்கே கழுவிப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை காலை மீண்டும் சென்னையில் காமிராவின் பின்னால் நிற்பார். ஜோலார்பேட்டை வழியாகச் சுமார் 360 கிலோமீட்டர். போகவும் வரவும் இரட்டிப்பு. எடுத்த காட்சி சரியாக விழுந்ததா என்று தெரிய ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். விழவில்லை என்றால் மறுபடி ஆட்களைத் திரட்டி, வெயிலைப் பார்த்து, திரும்ப எடுக்க வேண்டும். பிலிமோ எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் வகை. பசும்புல்லில் நெருப்பைச் சுமந்து நடப்பது போன்ற வேலை!

சுமார் ஐந்து வாரப் படப்பிடிப்பில் 6,000 அடிப் படம் தயாரானது. அன்றைய வேகத்தில் ஒன்றரை மணிக்கு மேல் ஓடும். ஊமைப் படம் ஆதலால் கதையைச் சொல்ல எழுத்து அட்டைகள் வேண்டும். தமிழ், ஆங்கிலம், இந்தி மூன்றிலும் போட்டார்கள். இந்தி அட்டைகளை எழுதியவர் காந்தியடிகளின் மகன் தேவதாஸ் காந்தி.

'கீசக வதம்' வெளியான ஆண்டை 1916 என்றும் 1917 என்றும் 1918 என்றும் ஆராய்ச்சியாளர்கள் வெவ்வேறாகக் குறிக்கிறார்கள். சென்னை எல்பின்ஸ்டன் கொட்டகையில் ஓடியது. பர்மா, இலங்கை, மலேயா, சிங்கப்பூருக்கும் போயிற்று. செலவு 35,000 ரூபாய். வரவு 50,000 ரூபாய். கடல் கடந்த தமிழர் காசும் அதில் சேர்ந்திருந்தது.

அடுத்து 1918ல் 'திரௌபதி வஸ்திராபரணம்'. காமிராவின் முன் நிற்கப் பெண்கள் தயங்கிய காலம். தேடிப் பார்த்துவிட்டு, மரின் ஹில் என்ற ஆங்கிலோ இந்தியப் பெண்ணைப் பாஞ்சாலி ஆக்கினார். பேசாப் படம் என்பதால் தமிழ் தெரியாதது குறையாகவில்லை. பிறகு 'லவகுசா', 'சிவலீலா', 'ருக்மிணி சத்தியபாமா', 'மயில் ராவணன்' என்று புராணப் படங்கள் வந்தன.

தீ

அதன்பின் வந்தது இடி. மகனைப் பறிகொடுத்தார். ஸ்டூடியோவும் தீக்கிரையாயிற்று. 1923ல் முதலியார் படத்தொழிலை விட்டே விலகினார். அப்போது அவருக்கு வயது 38 தான். வங்கிக் கடனும் அரசு மானியமும் ஒரு படக்காரனுக்குக் கைகொடுக்காத நாள். சொந்தக் காசு கரைந்தால், தொழிலும் கரைந்தது. கையில் காசிருந்தும் மனம் விட்டுப் போயிருந்தால் அதுவும் புரிந்துகொள்ளக் கூடியதே.

அவர் போட்ட பாதையில் மற்றவர்கள் வந்தார்கள். 1914லேயே கெயிட்டி கொட்டகையைக் கட்டிய ரகுபதி வெங்கய்யா, 1921ல் ஸ்டார் ஆப் தி ஈஸ்ட் கம்பெனி தொடங்கினார். 1931ல் 'காளிதாஸ்' பேசியது. அதன்பின் பாட்டும் வசனமும் படவுலகை நிறைத்தன. முதலியாரோ ஒதுங்கியே இருந்து, அதன்பின் ஏறக்குறைய அரை நூற்றாண்டு வாழ்ந்தார்.

திரைக்கதை எழுதிய அண்ணாதுரை 1967ல் முதலமைச்சர் ஆனதையும், அவருக்குப்பின் வசனகர்த்தா கருணாநிதி அந்த நாற்காலியில் அமர்ந்ததையும் பார்த்துவிட்டு, 1971ல் நடராஜ முதலியார் காலமானார். அதற்கு ஏழு ஆண்டு முன்பு, 1964ல், பழைய படங்களைக் காக்க மத்திய அரசு ஒரு திரைப்படக் காப்பகத்தை நிறுவியது. எங்கே தெரியுமா? அவர் காமிரா பிடிக்கக் கற்ற அதே புனேயில். பால்கேயின் சில படங்கள் துண்டு துண்டாகவேனும் மிஞ்சின. பெங்களூரில் வாராவாரம் கழுவி எடுத்த 'கீசக வதம்' 6,000 அடியில் ஓரடி கூட மிஞ்சவில்லை.