தொலைக்காட்சிக்குக் கண் தந்தவர்

விதைத்தவன் ஒருவன், அறுத்தவன் வேறொருவன் என்பது உலகில் புதிய செய்தி அன்று. ஆனால் விதைத்தவனையே களத்துமேட்டில் நிறுத்தி, நீ யாரப்பா என்று ஊரார் கேட்ட கதை மிகச் சிலருக்கே வாய்த்தது. அத்தகைய ஒருவரைப் பற்றி நம் சங்கத்து நண்பர்களோடு சில பக்கங்கள் பேச விரும்புகிறேன்.

1957-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் தொலைக்காட்சி கொடிகட்டிப் பறந்த காலம். ஏறத்தாழ 4 கோடி வீடுகளில் பெட்டி நுழைந்துவிட்டது. என்.பி.சி., சி.பி.எஸ்., ஏ.பி.சி. என்னும் மூன்று நிறுவனங்கள் நாடெங்கும் உள்ள நிலையங்களைத் தங்களோடு பிணைத்துக்கொண்டு, மாலையானால் மக்கள் எதைப் பார்க்க வேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்தன. நான்காவதாகப் போட்டியிட்ட டூமாண்ட், 1956-இலேயே கடையைக் கட்டிவிட்டது. வீடுதோறும் சிரிப்பை விளைத்த ‘ஐ லவ் லூசி’ என்னும் அரைமணி நேரத் தொடர் 1957-இல் முடிந்தது. வழக்கறிஞர் ‘பெர்ரி மேசன்’ அதே ஆண்டில் திரைக்கு வந்தார். லிட்டில் ராக் நகரில், கறுப்பின மாணவர்கள் பள்ளி வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்ட கொடுமையை நாடு தன் வீட்டுக் கூடத்தில் அமர்ந்தபடியே கண்டதும் அவ்வாண்டின் செப்டம்பரில்தான்.

அந்த ஆண்டு ஜூலை 3-ஆம் நாள் இரவு, சி.பி.எஸ். நிறுவனத்தின் ‘ஐவ் காட் எ சீக்ரெட்’ என்ற விளையாட்டு நிகழ்ச்சிக்கு ஒரு விருந்தினர் வந்தார். வருகிறவர் ஓர் இரகசியத்தோடு வருவார். நால்வர் கேள்வி மேல் கேள்வி கேட்டு அதைக் கண்டுபிடிக்க வேண்டும். அன்று வந்தவர் ஐம்பது வயது நிரம்பிய மெலிந்த மனிதர். அவருடைய பெயரைக்கூட மறைத்து, டாக்டர் எக்ஸ் என்று அறிமுகம் செய்தார்கள். பதினான்காம் வயதில் எலக்ட்ரான் தொலைக்காட்சியைக் கண்டுபிடித்தவர் என்பதே அவருடைய இரகசியம். நால்வரும் தோற்றார்கள். உங்கள் கருவி யாருக்காவது வலி உண்டாக்குமா என்று ஒருவர் கேட்டபோது, சில வேளைகளில் மிகவும் உண்டாக்கும் என்று அவர் ஒப்புக்கொண்டதாகக் கேட்டு அரங்கம் சிரித்தது. பரிசாக 80 டாலரும், நிகழ்ச்சியை நடத்திய சிகரெட் கம்பெனியின் ஒரு பெட்டிச் சிகரெட்டும் கிடைத்தன.

அவர்தாம் பைலோ பார்ன்ஸ்வொர்த். தொலைக்காட்சியில் தோன்றியபோது தொலைக்காட்சியே அறியாத மனிதர்.

1906-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19 அன்று, யூட்டா மாநிலத்தில் பீவர் என்னும் ஊருக்கு அருகே, பாட்டனார் கட்டிய மரக்குடிசையில் பிறந்தார். உழவர் குடும்பம். 1918-இல் குடும்பம் ஐடஹோவில் ரிக்பி என்னும் ஊரை அடுத்த பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. அங்கே மின்சாரம் உண்டாக்கும் பொறி ஒன்று இருந்தது. பரணில் யாரோ விட்டுப்போன விஞ்ஞானப் பத்திரிகைகள் கிடந்தன. சிறுவனுக்கு வேறென்ன வேண்டும்? பழுதான பொறியைப் பிரித்தான், பூட்டினான். தாயார் கையால் சுழற்றிய சலவை எந்திரத்துக்கு மோட்டார் பொருத்திக் கொடுத்தான். இரவில் மற்றவர்கள் உறங்கியபின் அந்தப் பத்திரிகைகளில் மூழ்கினான்.

அப்போது தொலைக்காட்சி என்னும் கனவு பலரிடம் இருந்தது; வழிதான் இல்லை. ஒரு படத்தை அப்படியே கம்பியிலோ காற்றிலோ அனுப்ப முடியாது. அதை வரி வரியாகப் பிரித்து, ஒவ்வொரு வரியிலும் உள்ள வெளிச்சத்தையும் இருளையும் மின்னோட்டமாக மாற்றி அனுப்பி, மறுமுனையில் கண் ஏமாறும் வேகத்தில் மீண்டும் அடுக்க வேண்டும். 1884-இல் நிப்கோ என்னும் ஜெர்மானியர், துளைகள் இட்ட தட்டு ஒன்றைச் சுழற்றி இதைச் செய்யலாம் என்று காட்டினார். 1926-இல் லண்டனில் ஜான் பேர்டு அதே வழியில் 30 வரிகள் கொண்ட படத்தைக் காட்டிப் புகழ் பெற்றார். ஆனால் 30 வரிகளில் முகத்தை முகமென்று அறியலாம். அழகை அறிய முடியாது. பிற்காலத்தில் அமெரிக்கா ஏற்ற அளவு ஒரு படத்துக்கு 525 வரிகள், நொடிக்கு 30 படங்கள். அதாவது நொடிக்கு 15,750 வரிகள். எந்த இரும்புத் தட்டு அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும்?

இரும்பு ஓடாது, எலக்ட்ரான் ஓடும். ரிக்பியின் உழவர் மகனுக்கு 1921-இல் தோன்றியது இதுதான். குதிரை பூட்டி நிலத்தை உழுதுகொண்டிருந்தவன், தான் ஓட்டிய சால்களைத் திரும்பிப் பார்த்தானாம். சாலுக்கு அடுத்த சால், வரிக்கு அடுத்த வரி. எலக்ட்ரான் கற்றையைக் காந்தத்தால் இழுத்து, படத்தையும் இப்படியே உழுதுவிடலாமே என்று எண்ணினான். தமிழில் சால் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டு, பள்ளியில் வேதியியல் கற்பித்த ஜஸ்டின் டோல்மன் என்னும் ஆசிரியரிடம் தன் எண்ணத்தைக் கரும்பலகை நிறைய வரைந்து விளக்கினான். ஆசிரியர் சிரிக்கவில்லை, வேலையைப் பார் என்று விரட்டவும் இல்லை. பொறுமையாகக் கேட்டார், கேள்விகள் கேட்டார். இந்த ஆசிரியரை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1924-இல் தந்தை இறந்தார். கல்லூரிப் படிப்பு நிலைக்கவில்லை. 1926-இல் சால்ட் லேக் நகரில் நன்கொடை திரட்டும் பணிக்கு வந்திருந்த எவர்சன், கோரல் என்னும் இருவர், இந்த இளைஞனின் பேச்சில் நம்பிக்கை வைத்து 6,000 டாலர் கொடுத்தார்கள். அதே ஆண்டு மே மாதத்தில் பெம் கார்ட்னரை மணந்து, மனைவியோடு கலிபோர்னியாவுக்குப் புறப்பட்டார். பின்னர் சான் பிரான்சிஸ்கோவின் வங்கிக்காரர்கள் சிலர் பணம் போட, கிரீன் தெருவில் 202-ஆம் எண் கட்டடத்தில் ஆய்வுக்கூடம் அமைந்தது. பெம்மின் சகோதரர் கிளிப் கார்ட்னர் கண்ணாடி ஊதக் கற்றுக்கொண்டு, பெரிய கம்பெனிகளும் செய்யத் தயங்கிய குழாய்களைத் தாமே ஊதினார். பெம் வரைபடங்கள் வரைந்தார், குறிப்பேடு எழுதினார். 1927-ஆம் ஆண்டு ஜனவரி 7 அன்று காப்புரிமைக்கு மனுச் செய்தார்கள். செப்டம்பர் 7 அன்று, ஓர் அறையில் வைத்த நேர்கோடு அடுத்த அறையின் குழாய் முகத்தில் ஒளிர்ந்தது. கண்டுபிடித்தவருக்கு அப்போது வயது 21.

அந்தக் குழாயின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெற்றிடக் குழாயின் ஒரு முனையில், ஒளி பட்டால் எலக்ட்ரான்களை உமிழும் பூச்சு. அதன்மேல் லென்ஸ் படத்தை வீழ்த்தும். வெளிச்சமான இடத்தில் எலக்ட்ரான்கள் மிகுதி; இருளான இடத்தில் குறைவு. ஆக, ஒளிப்படம் எலக்ட்ரான் படமாகிறது. அந்தப் படம் முழுவதையும் காந்தப் புலத்தால் இடமும் வலமும், மேலும் கீழும் அசைத்து, ஒரு சிறு துளையின் முன்னே கடத்தினால், துளைக்குள் நுழையும் எலக்ட்ரான்களே படத்தின் கணக்கு. சுழலும் உறுப்பு ஒன்றுகூட இல்லை. என் முதுகலைப் படிப்பில் ஒளிமின் விளைவைச் சமன்பாடாகப் படித்தபோது எழாத வியப்பு, இந்தக் குழாயின் படத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு எழுந்தது.

குறையும் உண்டு, மறைப்பது முறையன்று. துளைக்கு எதிரே வராத எலக்ட்ரான்கள் எல்லாம் வீணாயின. அதனால் கண் கூசும் வெளிச்சம் தேவைப்பட்டது. இதே காலத்தில் ருஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய விளாடிமிர் ஸ்வோரிக்கின், ஒளியைச் சேமித்து வைக்கும் வேறு வகைக் குழாயை உருவாக்கிக்கொண்டிருந்தார். அது பின்னர் மங்கிய வெளிச்சத்திலும் நன்கு பார்த்தது. ஜப்பானில் தக்கயனகியும், ஹங்கேரியின் திஹான்யியும் தத்தம் வழியில் உழைத்தார்கள். ஆகவே தொலைக்காட்சிக்கு ஒரே தந்தை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் முழுதும் எலக்ட்ரானால் இயங்கும் கண்ணை முதலில் படைத்து இயக்கிக் காட்டியவர்களின் வரிசையில் பார்ன்ஸ்வொர்த்துக்கு முன்னிடம் உண்டு என்பதில் ஐயம் இல்லை.

1930 ஏப்ரலில் ஸ்வோரிக்கின் கிரீன் தெருவுக்கு வந்தார். மூன்று நாள் தங்கி யாவற்றையும் பார்த்தார். பின்னர் அவர் ஆர்.சி.ஏ. என்னும் பெரும் வானொலி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். 1931-இல் அந்நிறுவனத்தின் தலைவர் டேவிட் சார்னாப், பார்ன்ஸ்வொர்த்தின் கண்டுபிடிப்புகளையும் உழைப்பையும் சேர்த்து வாங்க 1,00,000 டாலர் தருவதாகச் சொன்னார். இளைஞர் மறுத்துவிட்டார். விற்க அவருக்கு விருப்பம் இல்லை. பயன்படுத்துவோர் உரிமைத் தொகை செலுத்தட்டும் என்பது அவர் நிலை. உரிமைத் தொகையை வாங்கியே பழகிய ஆர்.சி.ஏ.வுக்கு, கொடுத்துப் பழக்கம் இல்லை.

வழக்கு மூண்டது. ஸ்வோரிக்கின் 1923-இலேயே மனுச் செய்தவர், அவருக்கே முதலுரிமை என்றது ஆர்.சி.ஏ. அப்போதுதான் ரிக்பியின் பள்ளி ஆசிரியர் சாட்சியாக வந்தார். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் தம் வகுப்பறையில் விளக்கியதை வரைபடத்தோடு எடுத்துச் சொன்னார் டோல்மன். அந்தச் சாட்சியம் ஒன்றே வழக்கை வென்றது என்று நான் சொல்லமாட்டேன். இருவரின் மனுக்களிலும் எழுதியிருந்ததை ஒப்பிட்டே அதிகாரிகள் முடிவு செய்தார்கள். 1934-இல் முதலுரிமை பார்ன்ஸ்வொர்த்துக்கே என்று தீர்ப்பாயிற்று. ஆயினும் பள்ளிப் பையன் சொன்னதை மதித்து மனத்தில் பதித்து வைத்த ஆசிரியரின் பெருமை தீர்ப்பில் அடங்குவதா?

வென்றவர் வாழ்ந்தாரா? இங்கேதான் என் மனம் கனக்கிறது. 1932-இல் அவருடைய கைக்குழந்தை நோயுற்று இறந்தது. வழக்கிலும் கடனிலும் உடல் நைந்தது, மதுவும் பற்றிக்கொண்டது. 1939-இல் நியூயார்க் உலகப் பொருட்காட்சியில் சார்னாப் தொலைக்காட்சியை ஆரவாரத்தோடு உலகுக்கு அறிமுகம் செய்தார். அதே ஆண்டில் ஆர்.சி.ஏ., பத்து ஆண்டுகளில் 10 லட்சம் டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு பார்ன்ஸ்வொர்த்திடம் உரிமை பெற்றது. இனி நல்ல காலம் என்று எண்ணியிருப்பார். போர் வந்தது. 1942-இல் அமெரிக்காவில் பெட்டிகள் செய்வதே நின்றது. காப்புரிமைக்கு ஆயுள் 17 ஆண்டு. 1930-இல் கிடைத்த அடிப்படை உரிமை 1947-இல் காலாவதியாயிற்று. அதற்குப் பின்புதான் பெட்டிகள் லட்சக்கணக்கில் விற்றன! மேய்ன் மாநிலத்தில் அவர் ஆசையோடு அமைத்த வீடும் அதே 1947-இல் காட்டுத் தீயில் எரிந்தது. 1949-இல் அவர் பெயர் தாங்கிய கம்பெனி கைமாறியது.

சார்னாப்பிடம் அவர் தோற்கவில்லை. ஸ்வோரிக்கினிடமும் தோற்கவில்லை. காலத்திடம் தோற்றார். வழக்குமன்றம் உரிமையைத் தரலாம். இழந்த ஆண்டுகளை எந்த மன்றம் தரும்?

1957-இன் அந்த விளையாட்டு நிகழ்ச்சியைத் திரும்பவும் எண்ணிப் பாருங்கள். இவ்வளவு இழந்தவர் அங்கே தம் குறையைச் சொல்லவில்லை. ஏறத்தாழ 2,000 வரிகள் கொண்ட துல்லியமான படத்தைப் பற்றியும், சுவரில் மாட்டும் தட்டையான திரையைப் பற்றியும், அணுக்களை இணைத்து ஆற்றல் பெறும் தம் புதிய முயற்சியைப் பற்றியும் பேசினார். இன்று நம் விடுதிக் கூடத்துச் சுவரில் தொங்கும் திரை அவர் அன்று சொன்னதுதான். அணு இணைப்பு முயற்சிக்கே தம் இறுதி ஆண்டுகளையும் பொருளையும் செலவிட்டார். அதில் அவர் எண்ணிய ஆற்றல் கைகூடவில்லை.

தம் படைப்பு போன போக்கு அவருக்குப் பிடிக்கவில்லை. பார்க்கத் தக்கது எதுவும் அதில் இல்லை என்று எண்ணி, தம் வீட்டில் பிள்ளைகளை அதிலிருந்து விலக்கியே வைத்தாராம். 1969 ஜூலையில் மனிதன் நிலவில் கால் வைத்த காட்சியை மனைவியோடு அமர்ந்து பார்த்தபோதுதான், பட்ட பாடு வீண்போகவில்லை என்று அவர் மனம் நிறைந்ததாகப் பெம் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். 1971 மார்ச் 11 அன்று பார்ன்ஸ்வொர்த் காலமானார். அதே ஆண்டு டிசம்பரில் சார்னாப்பும் மறைந்தார். 1983-இல் அவர் உருவம் அமெரிக்க அஞ்சல் தலையில் வந்தது. 1990-இல் நாட்டின் தலைமன்றக் கட்டடத்தில் யூட்டா மாநிலம் அவருக்குச் சிலை வைத்தது.

சிலை கிடைத்ததே, போதாதா என்று சிலர் கேட்கலாம். போதாது என்பதே என் எண்ணம். விஞ்ஞானம் படிக்கும் நாம் இந்த வாழ்விலிருந்து இரண்டைக் கற்க வேண்டும். ஒன்று, தோன்றிய எண்ணத்தை அன்றே எழுதுங்கள், தேதி இடுங்கள், அறிந்தவர் ஒருவரிடம் சொல்லுங்கள். பார்ன்ஸ்வொர்த்துக்குக் கேடயமாய் நின்றவை குறிப்பேடும் மனுவும் சாட்சியுமே. மற்றொன்று, உங்கள் கட்டுரையின் தலைப்பில் பெயர்களை எழுதும் நாள் வரும்போது, கண்ணாடி ஊதியவரையும் குறிப்பு எழுதியவரையும் விட்டுவிடாதீர்கள்.

பெற்றோரையும் பிறந்த ஊரையும் பிரிந்து, வேற்று மொழி வழங்கும் மாநிலத்தில் படிக்க வந்திருக்கிறோம். நாம் ஒவ்வொருவரும் இங்கு வந்து சேர ஏதோ ஓர் ஊரின் ஒரு டோல்மன் காரணமாக இருந்திருப்பார். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அவரைத் தேடிச் சென்று வணங்கி வருவோம். நாளை ஒரு சிறுவன் கரும்பலகை நிறைய எதையோ வரைந்து நம்மிடம் காட்டினால், சிரிக்காமல் கேட்போம்.