மணலியில் இருந்த தீட்சிதர்

மணலின்னா நமக்கு ரிஃபைனரி, கண்டெய்னர் லாரி, கேஸ் வாடை. கர்நாடக சங்கீதம்னா மயிலாப்பூர். ஆனா சங்கீத மும்மூர்த்திகளில் ஒருத்தர் இளம் வயசுல வாழ்ந்தது நம்ம மணலியில்தான்.

முத்துசுவாமி தீட்சிதர் 1775-ல் திருவாரூரில் பிறந்தார். அப்பா ராமசுவாமி தீட்சிதரை மணலி முத்துகிருஷ்ண முதலியார் ஆதரித்ததால் குடும்பமே இங்கே வந்தது. ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்ட் இசையைக் கேட்டது இந்தக் காலத்தில்தான் என்பார்கள். அந்த மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் எழுதியவைதான் நோட்டுஸ்வரங்கள். தம்பி பாலுசுவாமியோ வயலினையே கற்றுக்கொண்டார்.

பிறகு சிதம்பரநாத யோகியோடு காசிக்குப் போனார் முத்துசுவாமி. திரும்பி வந்து திருத்தணி முருகன் மேல் பாடத் தொடங்கினார். அங்கிருந்து வந்ததுதான் அவரோட முத்திரை: குருகுஹ. எந்த சாமியைப் பாடினாலும் உள்ளே அந்த வார்த்தை வந்துடும். அது அவர் பேர் இல்லை, முருகன் பேர்.

பல பாட்டுகளில் ராகத்தின் பேரையும் ஒளிச்சு வைப்பார். லலிதா ராகத்தில் மகாலட்சுமியைப் பாடும்போது, குருகுஹனுடைய மாமாவின் மனைவி, அழகானவள் என்று வர்ணிக்கிறார். சமஸ்கிருதத்தில் அழகானவள்னா லலிதா. சாமி, முத்திரை, ராகம் மூணும் ஒரே இடத்துல!

1835-ல் எட்டயபுரத்தில் மறைந்தார்.

ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல யார் பேர் முதல்ல வரணும்னு எங்க டீம்ல ரெண்டு நாள் சண்டை. இவர் தன் பேரையே போடல. ஆனா இன்னிக்கும் அந்த ஒரு வார்த்தை காதுல விழுந்தா, யார் பாட்டுன்னு தெரிஞ்சுடுது.