துடைப்பமே கிட்டார்!

அமெரிக்காவில் சியாட்டில் நகரில், 1942-ம் ஆண்டு, ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். கிட்டார் வாங்கக் காசு இல்லை. துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு, கிட்டார் வாசிப்பதுபோல் பாவனை செய்வான் சிறுவன். பிறகு, குப்பையில் கிடந்த ஒரு சிறு வாத்தியம் கிடைத்தது. அதில் இருந்தது ஒரே ஒரு தந்தி! அதிலேயே வாசித்துப் பழகினான்.

அவருக்கு இடதுகைப் பழக்கம். வலதுகைக்காரர்களின் கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பி, தந்திகளை மாற்றிக் கட்டி வாசித்தார்.

1966-ல் அவரை லண்டனுக்கு அழைத்துச் சென்றவர் சாஸ் சாண்ட்லர். அங்கே புகழ் குவிந்தது.

1968-ல் "எலெக்ட்ரிக் லேடிலேண்ட்" இரட்டை இசைத்தட்டு தயாரானது. மனநிறைவு வரும்வரை ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்தார் ஹெண்ட்ரிக்ஸ். பொறுமை இழந்த சாண்ட்லர் பாதியிலேயே விலகினார். ஆனால் ஹெண்ட்ரிக்ஸ் விடவில்லை. அமெரிக்க விற்பனையில் அந்த இசைத்தட்டு முதலிடம் பிடித்தது!

1970 ஆகஸ்டில் நியூயார்க்கில் சொந்த ஒலிப்பதிவுக் கூடம் திறந்தார். மறுமாதம் 18-ந் தேதி, லண்டனில், தூக்க மாத்திரை அளவு மீறியதால் இறந்தார். வயது 27தான்!

அந்த இசைத்தட்டு உருவான கதை 1997-ல் ஆவணப்படமாக வந்தது. அதில் ஒலிப்பதிவாளர் எடி கிராமர் பழைய நாடாக்களை ஓட்டி, ஒவ்வொரு ஒலியையும் தனித்தனியே கேட்கச் செய்கிறார். அன்று பிடிவாதமாகத் தோன்றியது எவ்வளவு பெரிய உழைப்பு என்பது அப்போது விளங்குகிறது.