லியோ ஃபெண்டர்

கிளாரன்ஸ் லியோனிடாஸ் ஃபெண்டர் (ஆகஸ்ட் 10, 1909 – மார்ச் 21, 1991) ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த மின்னணுக் கருவி வடிவமைப்பாளரும் தொழில் முனைவோரும் ஆவார். லியோ ஃபெண்டர் என்ற பெயராலேயே இவர் பெரிதும் அறியப்படுகிறார். டெலிகாஸ்டர், ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஆகிய மின்கிதார்கள் இவரது புகழ்பெற்ற ஆக்கங்கள். ஆனால் இவர் முதலில் செய்த தொழில் வானொலிப் பெட்டி பழுதுபார்த்தல் ஆகும். வெற்றிடக் குழாய்களால், அதாவது வால்வுகளால், இயங்கும் கிதார் மிகைப்பிகளை (ஆம்ப்ளிஃபயர்) இவர் வடிவமைத்த முறை, பின்னர் பல நாடுகளில் தோன்றிய மிகைப்பிகளுக்கு முன்மாதிரியாக அமைந்தது. இவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது.

இளமைக்காலம்

கலிபோர்னியாவின் அனாகைம், புல்லர்டன் ஆகிய ஊர்களுக்கு அருகே ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த உழவர் குடும்பத்தில் லியோ பிறந்தார். எட்டு வயதில் நோயால் இடக்கண்ணை இழந்தார். அதன்பின் வாழ்நாள் முழுதும் செயற்கைக் கண்ணே அணிந்திருந்தார். வண்டிகளுக்கான மின்கருவிக் கடை நடத்திவந்த இவரது மாமா 1922 ஆம் ஆண்டில் பழைய வானொலி உதிரிப் பாகங்களையும் ஒரு மின்கலத்தையும் பெட்டியில் இட்டு அனுப்பினார். பின்னர் மாமாவின் கடைக்குச் சென்றபோது, அவரே கட்டிய வானொலியிலிருந்து எழுந்த உரத்த ஓசை சிறுவனின் மனத்தில் ஆழப் பதிந்தது.

1928 இல் புல்லர்டன் உயர்நிலைப் பள்ளியில் தேறிய இவர், கல்லூரியில் கணக்கியல் பயின்றார். மின்னணுவியலை எந்தக் கல்லூரியிலும் முறையாகக் கற்கவில்லை. நூல்களைப் படித்தும் பழுதான கருவிகளைப் பிரித்துப் பார்த்தும் தாமாகவே கற்றுக்கொண்டார். கணக்கராகப் பணியாற்றிய காலத்தில், உள்ளூர் இசைக்குழுத் தலைவர் ஒருவர் கேட்டுக்கொண்டதற்கு இணங்கி, பொது நிகழ்ச்சிகளுக்கான ஒலிபெருக்கி அமைப்புகள் சிலவற்றைக் கட்டிக்கொடுத்தார். 1934 இல் எஸ்தர் கிளாஸ்கியை மணந்தார்.

வானொலிக் கடை

பெரும் பொருளாதார வீழ்ச்சியின்போது லியோ வேலையை இழந்தார். 1938 இல் 600 டாலர் கடன் பெற்று, புல்லர்டனில் 'ஃபெண்டர் ரேடியோ சர்வீஸ்' என்ற கடையைத் திறந்தார். வானொலிகள், இசைத்தட்டுக் கருவிகள் ஆகியவற்றுடன் இசைக்கலைஞர்களின் மிகைப்பிகளும் பழுது நீக்க இங்கு வந்தன. ஊர் ஊராக வண்டியில் ஏற்றிச் செல்லப்படும் மிகைப்பியில் எந்தப் பாகம் முதலில் கெடும், எந்த இணைப்பு அறுந்துபோகும் என்பதை இவர் பழுது மேசையிலேயே கண்டறிந்தார். பிற்காலத்தில் இவர் செய்த கருவிகளில் இந்தப் பட்டறிவு தெளிவாகத் தெரிகிறது.

1945 இல் டாக் காஃப்மன் என்ற இசைக்கலைஞருடன் சேர்ந்து, மடிமேல் வைத்து வாசிக்கும் எஃகுக் கிதார்களையும் அவற்றுக்கான மிகைப்பிகளையும் செய்து விற்றார். தொழிலை விரிவாக்குவதில் தயக்கம் கொண்ட காஃப்மன் 1946 இல் விலகினார். லியோ தனியே தொடர்ந்தார். அவ்வாண்டு வெளிவந்த பிரின்ஸ்டன், டீலக்ஸ், ப்ரொஃபஷனல் ஆகிய மிகைப்பிகள் கடின மரப் பெட்டிகளில் அமைந்திருந்தன. சில ஆண்டுகளில் மரத்துக்கு மேல் 'ட்வீட்' எனப்படும் முரட்டுத் துணி ஒட்டும் வழக்கம் வந்தது.

வெற்றிடக் குழாய் மிகைப்பி இயங்கும் முறை

மின்கிதாரின் கம்பிகளுக்கு அடியில், காந்தத்தின் மேல் மெல்லிய செப்புக் கம்பி சுற்றிய உணரி உள்ளது. கம்பி அதிரும்போது உணரியில் மிகச் சிறிய மின்னழுத்தம் தோன்றுகிறது. முதல்நிலைக் குழாய்கள் இம்மின்னழுத்தத்தைப் பன்மடங்காக்குகின்றன. அடுத்துள்ள திறன் குழாய்கள் ஒலிபெருக்கியை இயக்கப் போதிய ஆற்றலைத் தருகின்றன. குழாய்களுக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே ஒரு மின்மாற்றி இருக்கும். குழாயினுள் உள்ள இழை சூடேறினால்தான் எதிர்மின்னிகள் வெளிப்படும். தமிழ்நாட்டு வீடுகளில் முன்பு இருந்த வால்வு ரேடியோக்கள், திருகியவுடன் பாடாமல் சற்றுப் பொறுத்துப் பாடியதற்கும் இதுவே காரணம்.

குழாயின் எல்லைக்கு மேல் சைகை வலுத்தால் அலையின் முகடுகள் தட்டையாகின்றன. அப்போது மூல ஒலியில் இல்லாத புதிய இணைசுரங்கள் சேர்ந்து, ஓசை கரகரப்பாகவும் தடிப்பாகவும் மாறுகிறது. இது திரிபு எனப்படும். பழுது பார்ப்பவரின் நோக்கில் திரிபு ஒரு குறையே. தெளிவான, உரத்த, சிதையாத ஒலியே லியோவின் இலக்காக இருந்தது. ஒவ்வொரு புதிய வடிவமைப்பிலும் அவர் திரிபைக் குறைக்கவே முயன்றார்.

கட்டமைப்பு

ஃபெண்டர் மிகைப்பிகளின் மின்சுற்றுகளில் பெரும்பகுதி, குழாய் உற்பத்தியாளர்கள் வெளியிட்ட கையேடுகளில் காணப்படும் சுற்றுகளைத் தழுவியது. அவற்றை எளிதில் கட்டவும் பழுது நீக்கவும் ஏற்றவாறு அமைத்தது லியோவின் தனித்திறன் ஆகும். மின்தடைகளும் மின்தேக்கிகளும் உலோக வளையங்கள் பதித்த ஓர் அட்டையில் வரிசையாகக் கையால் பற்றவைக்கப்பட்டன. எந்தப் பாகத்தையும் பிறவற்றைக் கலைக்காமல் எடுத்து மாற்ற முடிந்தது. எந்தக் குழாய் எந்த இடத்தில் செருகப்பட வேண்டும் என்பதைக் காட்டும் தாள் பெட்டியின் உட்புறம் ஒட்டப்பட்டிருந்தது. வானொலி பழுதுபார்க்கத் தெரிந்த எவரும் இதைச் சீர்செய்யலாம் என்ற நிலை உருவானது.

லியோ தம் முன்மாதிரிகளை அருகிலிருந்த இசைக்கலைஞர்களிடம் கொடுத்து வாசிக்கச் செய்து, அவர்கள் கூறும் குறைகளுக்கேற்ப மாற்றினார். டிக் டேல் என்ற கிதார் கலைஞர் பேரொலியுடன் வாசித்துப் பல மிகைப்பிகளையும் ஒலிபெருக்கிகளையும் பழுதாக்கினார். அவருக்காக வலிமை கூட்டும் முயற்சியில், 'ஷோமன்' வகை மிகைப்பி 15 அங்குல ஒலிபெருக்கியுடன் உருப்பெற்றது.

பாஸ்மன்

1951 இல் லியோ அறிமுகப்படுத்திய ப்ரிசிஷன் பேஸ் என்ற மின் அடிச்சுரக் கிதாருக்குத் துணையாக, 1952 இல் 'பாஸ்மன்' மிகைப்பி வெளிவந்தது. முதலில் 15 அங்குல ஒலிபெருக்கி ஒன்றைக் கொண்டிருந்த இது, பின்னர் 10 அங்குல ஒலிபெருக்கிகள் நான்கைக் கொண்டதாக மாறியது. 1950களின் இறுதியில் வந்த 5எஃப்6-ஏ என்ற சுற்று மிகவும் பெயர்பெற்றது. அடிச்சுரக் கிதாருக்கென்று செய்யப்பட்ட இதனைச் சாதாரண மின்கிதார் கலைஞர்களே விரும்பி வாங்கினர். ஒலியளவைக் கூட்டும்போது எழுந்த கரகரப்பு அவர்களைக் கவர்ந்தது. லியோ களைய முனைந்த குறையை அவர்கள் இசையாக்கினர்.

இங்கிலாந்தில் ஃபெண்டர் மிகைப்பிகளின் விலை மிக அதிகமாக இருந்தது. 1962 இல் இலண்டனில் இசைக்கருவிக் கடை நடத்திய ஜிம் மார்ஷல், கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோருடன் இணைந்து பாஸ்மன் சுற்றை ஏறத்தாழ அப்படியே பின்பற்றி 'ஜேடிஎம்45' என்ற மிகைப்பியை உருவாக்கினார். உள்நாட்டில் கிடைத்த மின்மாற்றிகளும், பின்புறம் மூடிய பெட்டியில் அமைந்த நான்கு 12 அங்குல ஒலிபெருக்கிகளும் அதன் ஒலியை வேறுபடுத்தின. ராக் இசையின் கனத்த கிதார் ஒலிக்கு இது அடித்தளமிட்டது. கலிபோர்னியாவில் ராண்டல் ஸ்மித், பிரின்ஸ்டன் என்ற சிறிய ஃபெண்டர் மிகைப்பியில் வலிமையான சுற்றையும் 12 அங்குல ஒலிபெருக்கியையும் பொருத்தினார். மேசா பூகி நிறுவனம் இதிலிருந்து தோன்றியது.

நோயும் விற்பனையும்

1950களின் நடுவில் தொற்றிய நோய் லியோவைப் பல ஆண்டுகள் வாட்டியது. நெடுநாள் வாழமாட்டோம் என்று கருதிய இவர், 1965 ஜனவரியில் நிறுவனத்தை சிபிஎஸ் நிறுவனத்துக்கு 1.3 கோடி டாலருக்கு விற்றார். விற்பனைக்குப் பின் வேறொரு மருத்துவரின் சிகிச்சையால் நோய் குணமானது. ஆனால் ஒப்பந்தத்தின்படி பத்து ஆண்டுகள் போட்டித் தொழில் நடத்த இவருக்குத் தடை இருந்தது.

சிபிஎஸ் காலத்தில், 1960களின் இறுதியில், மிகைப்பிகளின் முகப்பு கறுப்பிலிருந்து வெள்ளி நிறத்துக்கு மாறியது. சுற்றுகளிலும் மாற்றங்கள் செய்யப்பட்டன. பல கலைஞர்கள் பழைய ஒலியையே விரும்பியதால், வெள்ளி முகப்புக் கருவிகளைக் கறுப்பு முகப்புக் காலச் சுற்றுக்குத் திருப்பியமைக்கும் வழக்கம் பழுதுபார்ப்போரிடையே பரவியது. லியோவின் திறந்த கட்டமைப்பே இதை இயல்வதாக்கியது.

1975 இல் லியோ மியூசிக் மேன் நிறுவனத்தின் தலைவரானார். அந்நிறுவனத்தின் மிகைப்பிகளில் முதல்நிலையில் திரிதடையங்களும் (டிரான்சிஸ்டர்) இறுதிநிலையில் வெற்றிடக் குழாய்களும் இருந்தன. 1979 இல் மனைவி எஸ்தர் இறந்தார். அடுத்த ஆண்டு பிலிஸ் என்பவரை மணந்தார். ஜார்ஜ் புல்லர்டனுடன் இணைந்து தொடங்கிய ஜி அண்ட் எல் நிறுவனத்தில் இறுதிவரை பணியாற்றினார்.

மறைவும் தாக்கமும்

நடுக்குவாத நோயால் (பார்க்கின்சன்) அவதியுற்றுவந்த லியோ ஃபெண்டர், 1991 மார்ச் 21 அன்று புல்லர்டனில் காலமானார். 1992 இல் ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடத்தில் இவர் பெயர் சேர்க்கப்பட்டது. 2009 இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது இவருக்கு வழங்கப்பட்டது.

இவரது பழைய சுற்றுகளைப் பின்பற்றி ஆர்வலர்கள் பலர் இன்றும் மிகைப்பிகளைத் தாமே கட்டுகின்றனர். பாஸ்மனின் முதற் குழாயான 12ஏஒய்7 க்குப் பதிலாக மிகைப்புத்திறன் கூடிய 12ஏஎக்ஸ்7 ஐச் செருகி, விரைவில் திரிபு எழச் செய்வது எளிய மாற்றங்களுள் ஒன்று. எனினும் இத்தகைய கருவிகளுள் 400 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் இருக்கக்கூடும். மின்இணைப்பைத் துண்டித்த பின்னும் மின்தேக்கிகளில் அது தங்கியிருந்து உயிருக்குக் கேடு விளைவிக்கலாம். எனவே மின்தேக்கிகளின் மின்னூட்டத்தை முறையாக வெளியேற்றி, அளந்து உறுதிசெய்த பின்னரே உட்புறத்தைத் தொட வேண்டும்.