முதல் புறக்கோளை அறிவித்தது நுங்கம்பாக்கமா? யார் இந்த கேப்டன் ஜேக்கப்?

சூரியனைத் தவிர மற்ற நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களுக்குப் பெயர் புறக்கோள். முதல் புறக்கோள்கள் உறுதியானது 1990களில்தான். ஆனால், 1855-லேயே சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த ஒருவர், அப்படி ஒரு கோள் இருக்கலாம் என்று அறிவித்துவிட்டார். அவர்தான் கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப்.

யார் இவர்?

1813-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். கிழக்கிந்திய கம்பெனியின் பம்பாய் பொறியாளர் படையில் சேர்ந்து, இந்தியாவில் நில அளவைப் பணி செய்தார். ஆனால் மனசெல்லாம் வானத்தில்தான். 1842-ல் புனேவில் சொந்தமாகவே ஒரு வானியல் கூடம் அமைத்து, இரட்டை நட்சத்திரங்களை அளந்தார். 1848 டிசம்பரில் மெட்ராஸ் வானியல் ஆய்வகத்தின் இயக்குநர் ஆனார்.

அப்படி என்ன கண்டுபிடித்தார்?

70 ஒபியூக்கி என்பது ஒன்றையொன்று சுற்றும் இரண்டு நட்சத்திரங்கள். ஒரு சுற்று முடிய சுமார் 88 வருஷம் ஆகும். ஒரு மனுஷன் தனியாகப் பார்த்து முடிக்கிற வேலை இல்லை. அதனால் பழைய வானியலாளர்களின் பதிவுகளையும் ஜேக்கப் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார். கணக்குப்படி இருக்க வேண்டிய இடத்தை விட்டு நட்சத்திரம் கொஞ்சம் விலகித் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று இழுப்பதே காரணமாக இருக்கலாம் என்றார்.

அது உண்மையா?

இல்லை. 1890களில் தாமஸ் சீ என்ற அமெரிக்கரும் அங்கே ஒரு மறைந்த பொருள் இருப்பதாகச் சொன்னார். அவர் சொன்ன அமைப்பு நிலைத்து நிற்காது என்று 1899-ல் ஃபாரஸ்ட் மோல்டன் கணக்குப் போட்டுக் காட்டினார். பிற்காலத் துல்லிய அளவீடுகளிலும் அந்தக் கோள் சிக்கவில்லை. கண்ணால் பார்த்து அளந்ததில் இருந்த சிறு பிழைகளே கோள் போலத் தெரிந்தன.

இன்று எப்படித் தேடுகிறார்கள்?

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் தயாராகும் போன்களில் நைட் மோட் இருக்கிறது இல்லையா? அது பல படங்களை எடுத்து ஒன்றாக அடுக்கி, இருட்டில் இருப்பதைத் தெளிவாக்குகிறது. மங்கலான கோள்களைத் தேடவும் இதே யோசனைதான். சிக்கல் என்னவென்றால், மாதக்கணக்கில் எடுத்த படங்களுக்கு இடையே கோள் நகர்ந்துவிடும். அப்படியே அடுக்கினால் அதன் ஒளி சிதறிப்போகும். அதனால் சாத்தியமான ஒவ்வொரு பாதைக்கும் ஏற்ப படங்களை நகர்த்தி அடுக்கிப் பார்க்கிறது கம்ப்யூட்டர். சரியான பாதையில் மட்டும் கோளின் ஒளி ஒன்றுகூடும். ஆனால் இத்தனை பாதைகளைச் சோதிக்கும்போது, வெறும் இரைச்சலும் தற்செயலாகக் கோள் போலக் கூடிவிடலாம். ஜேக்கப் சறுக்கிய அதே இடம்! அதனால்தான் மறுபடியும் மறுபடியும் சரிபார்க்கிறார்கள்.

ஜேக்கப் என்ன ஆனார்?

உடல்நலம் கெட்டு 1859-ல் பதவி விலகினார். புனே பக்கம் மலை மீது ஆய்வகம் அமைக்க 1862 ஆகஸ்ட்டில் திரும்பி வந்தவர், சில நாட்களிலேயே புனேவில் இறந்தார். அப்போது வயது 48. மெட்ராஸ் வானியல் ஆய்வகத்தின் கருங்கல் தூண் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது.