சென்னையைத் தாக்கிய 'எம்டன்' கேப்டன் தந்தி நிலையத்திடம் தோற்றது எப்படி?

பலே கில்லாடியைப் பார்த்தால் "சரியான எம்டன்" என்று சொல்வோமே, அந்தப் பெயரை நமக்குத் தந்தது ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். அதன் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர். 1873-ல் ஹனோவரில் பிறந்தவர், 17 வயதில் கடற்படையில் சேர்ந்தார். கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றியபோது பிடித்த மலேரியா கடைசிவரை அவரை விடவில்லை.

1914-ல் முதல் உலகப்போர் தொடங்கியதும், எம்டனுடன் தன்னந்தனியாக இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்தார். மூன்று புகைபோக்கி உள்ள கப்பலில் நான்காவதாக ஒரு போலியை நிறுத்தி, பிரிட்டிஷ் கப்பல் போலக் காட்டினார். 20-க்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் சிக்கின. ஆனால் பிடிபட்ட மாலுமிகளைக் கண்ணியமாகவே நடத்தினார்.

செப்டம்பர் 22 இரவு அவர் குறிவைத்தது சென்னை துறைமுகத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டேங்குகள். போர்க்காலம்தான், ஆனாலும் நகரத்தில் விளக்குகள் அணைக்கப்படவில்லை. கலங்கரை விளக்கமும் எரிந்துகொண்டிருந்தது. எதிரிக்கு வேறென்ன வேண்டும்? சுமார் 130 குண்டுகள் பாய்ந்தன. டேங்குகள் பற்றி எரிந்தன. குறைந்தது 5 பேர் இறந்தனர். பயந்துபோன மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரைக் காலி செய்தார்கள்.

அடுத்த பெரிய குறி, கோகோஸ் தீவுகளின் தந்தி நிலையம். ஆஸ்திரேலியாவை ஆப்பிரிக்காவுடனும் ஆசியாவுடனும் இணைத்த கடலடி கேபிள்கள் சேரும் இடம் அது. அதை உடைத்தால் பிரிட்டனின் தகவல் தொடர்பே தடுமாறும் என்பது முல்லரின் கணக்கு.

நவம்பர் 9 காலை, சுமார் 50 வீரர்கள் கரையிறங்கினார்கள். நிலைய ஊழியர்களிடம் பீரங்கி இல்லை, காவல்படையும் இல்லை. ஆனால் கண் விழிப்பாக இருந்தது. நான்காவது புகைபோக்கி போலி என்று கண்டுபிடித்துவிட்டார்கள். வீரர்கள் வந்து சேர்வதற்குள் வயர்லெஸில் எச்சரிக்கை போய்விட்டது. கம்பம் சாய்க்கப்பட்டது, கேபிள்கள் வெட்டப்பட்டன. அப்போதும் எல்லா கேபிளையும் அறுக்க முடியவில்லை.

அந்த நேரம் சுமார் 80 கி.மீ. தூரத்தில் ராணுவக் கப்பல்களுக்குக் காவலாகச் சென்றுகொண்டிருந்த ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' விரைந்து வந்தது. அதன் பீரங்கிகள் பெரியவை. எம்டன் நொறுங்கியது, 130-க்கும் மேற்பட்ட வீரர்கள் மாண்டனர். மூழ்காமல் இருக்கக் கப்பலைப் பவளப்பாறையில் மோதி நிறுத்திய முல்லர், கைதியானார்.

மால்டாவிலும் பின்னர் இங்கிலாந்திலும் சிறை. 1917-ல் சுரங்கம் தோண்டித் தப்பினார், மறுபடி பிடிபட்டார். போருக்குப் பிறகு புகழ் தேடி வந்தும், தன் சாகசத்தைப் புத்தகமாக எழுத மறுத்துவிட்டார். 1923-ல் 49 வயதில் காலமானார்.

எரிபொருள் கிடங்கு, துறைமுகம், கடலடி கேபிள்: நூறு வருஷத்துக்கு முன்பு முல்லர் குறிவைத்த இவைதான் இன்றும் எந்த நாடும் முதலில் காக்க வேண்டியவை. விளக்கை அணைக்காததால் சென்னை அடிவாங்கியது. உரிய நேரத்தில் போன ஒரே ஒரு செய்தி எம்டனின் கதையை முடித்தது.