மூவலூர் இராமாமிர்தம் அம்மையார்

நுழையும்முன்

சட்டங்கள் மன்றங்களில் இயற்றப்படுகின்றன. ஆனால், அவற்றிற்கான குரல் பாதிக்கப்பட்டோர் நெஞ்சிலிருந்தே முதலில் எழுகிறது. தாம் வளர்ந்த சூழலின் கொடுமையை எதிர்த்து, அதை மாற்றப் போராடிய பெண்மணி ஒருவரின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமைக்காலம்

இராமாமிர்தம் அம்மையார் 1883ஆம் ஆண்டு பிறந்தார். மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள மூவலூரில் வளர்ந்தமையால் அவ்வூரே அவர் பெயரின் முன்னொட்டாயிற்று. வறுமையின் காரணமாகப் பெற்றோர் அவரைத் தேவதாசி ஒருவரிடம் ஒப்படைத்தனர். அங்கு அவர் இசையும் நடனமும் பயின்றார்.

கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டிவிடும் வழக்கம் அந்நாளில் தமிழகமெங்கும் இருந்தது. அப்பெண்கள் கலைகளை வளர்த்தனர். எனினும், மணவாழ்வும் குடும்ப மதிப்பும் அவர்களுக்கு மறுக்கப்பட்டன. செல்வர்களின் ஆசைக்கு அவர்கள் இரையாயினர். அவ்வாழ்வை ஏற்க மறுத்த இராமாமிர்தம், தம் இசை ஆசிரியரான சுயம்பு பிள்ளையை மணந்துகொண்டார். அம்மணமே அவரது முதல் போராட்டம்.

பொதுவாழ்வு

காந்தியடிகளின் இயக்கத்தால் ஈர்க்கப்பட்டு அம்மையார் காங்கிரசில் இணைந்தார். 1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் காங்கிரசு மாகாண மாநாடு நடைபெற்றது. பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் புகழ்பெற்ற அந்நகரில், வகுப்புவாரி உரிமைக்கான தீர்மானம் ஏற்கப்படாமையால் பெரியார் காங்கிரசைவிட்டு வெளியேறினார். அவரைத் தொடர்ந்து அம்மையாரும் விலகிச் சுயமரியாதை இயக்கத்தில் பணியாற்றினார்.

எழுத்தும் சட்டமும்

தேவதாசி முறையை ஒழிக்க மருத்துவர் முத்துலெட்சுமி சட்டமன்றத்தில் முயன்றார். அம்மையாரோ ஊர் ஊராகச் சென்று அம்முறையில் சிக்கியிருந்த பெண்களிடமே பேசினார். அவர்தம் துயரை அவர் உடனிருந்து அறிந்தவர். ஆகவே, அவர் சொற்களுக்கு வலிமை இருந்தது. 1936இல் தாம் கண்டறிந்த உண்மைகளைத் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்னும் புதினமாக எழுதினார். 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது.

மொழிப்போர்

1938இல் பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டது. அதனை எதிர்த்து, திருச்சியிலிருந்து சென்னைக்கு 42 நாள் நடைப்பயணம் மேற்கொள்ளப்பட்டது. அப்படையில் அம்மையாரும் நடந்தார். அப்போது அவருக்கு வயது 55. அவ்வாண்டு இறுதியில் மறியலில் ஈடுபட்டுச் சிறையும் சென்றார். 1949இல் காஞ்சிபுரத்தில் பிறந்தவரான அறிஞர் அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கியபோது, அதில் இணைந்து இறுதிவரை உழைத்தார். 1962இல் இயற்கை எய்தினார்.

நிலைத்த பெயர்

1989இல் தமிழக அரசு ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டத்திற்கு அம்மையாரின் பெயரைச் சூட்டியது. அத்திட்டம் 2022இல் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டது. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12ஆம் வகுப்புவரை பயின்று கல்லூரியில் சேரும் மாணவியர்க்கு இதன்வழி மாதந்தோறும் 1000 ரூபாய் வழங்கப்படுகிறது. தம் வாழ்வைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமைக்காகச் சிறுவயதிலேயே போராட நேர்ந்த ஒருவரின் பெயர், இன்று பெண்கள் தம் கல்வியைத் தேர்ந்துகொள்ளத் துணைநிற்கிறது.